பனியில் பிள்ளைகளை இறக்கிவிடும்போது

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் பக்கமிருந்து குடும்பத்தோடு காஷ்மீர், மணாலி என்று கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போகிறோம், கூட வரும் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாள் பனிச்சறுக்கைப் பழக்கிவிட்டு வரலாமே என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதில் அவசரம் மட்டும் கூடாது.

எப்போது போவது என்பதில்தான் டெல்டாக்காரர்களுக்குச் சிக்கல். கோடை விடுமுறையில் போனால் காஷ்மீரில் பனிச்சறுக்குக்குப் பேர்போன குல்மார்க்கின் கீழ்ச் சரிவுகளில் புல்தான் இருக்கும். அரையாண்டு விடுமுறை வரும்போது பனிக்காலம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் அடிக்கும் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்கிறார்கள். நம்ம பொங்கல் அதற்குள் வருகிறது, சம்பா அறுவடையும் அப்போதுதான். வயலைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தால் மாட்டுப் பொங்கல் முடித்துவிட்டுக் கிளம்பலாம். 2024 ஜனவரியில் குல்மார்க்கிலேயே பனியில்லாமல் வெறும் தரை தெரிந்தது. அதனால் ரத்து செய்ய முடிகிற மாதிரி அறை பதிவு செய்வது நல்லது.

எந்த வயதில் பழக்கலாம்? பெய்ஜிங்கில் 2022-ல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போன ஆரிஃப் கான், குல்மார்க் பக்கத்துக்காரர். நான்கு வயதிலேயே தொடங்கியவர். அவருக்கு அது வாசலிலேயே இருந்த பனி. நம் பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயது ஆகட்டும் என்பேன். அதற்கும் சின்னதுகளுக்கு ஆட்கள் இழுக்கும் மரச் சறுக்குவண்டியே போதும்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். கடல் மட்டத்தை ஒட்டி வளர்ந்த பிள்ளைக்குப் போன அன்றே மூச்சு வாங்கும், தலை வலிக்கலாம். முதல் நாள் ஓய்வு, நிறையத் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, நாம்தான் கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும். கொண்டோலா ரோப் காரின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அங்கே வேலையில்லை. கீழே கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மென்சரிவே அதற்கான இடம்.

சாமான்களை விலைக்கு வாங்க வேண்டாம், அங்கே வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸ் விஷயத்தில் மட்டும் பொறுமையாக உட்காருங்கள். குளிருமே என்று இரண்டு சாக்ஸ் மாட்டிவிடுவது நம் வழக்கம். அது தப்பு. நீளமான ஒரே சாக்ஸ், சுருக்கமில்லாமல் முழங்கால் வரை இழுத்துவிட வேண்டும். கணுக்கால் பக்கம் ஒரு மடிப்பு இருந்தாலும் அரை மணி நேரத்தில் பிள்ளை அழும், நாம் குளிரால் அழுகிறது என்று நினைத்துக்கொள்வோம். பூட்ஸை மாட்டியபின் முழங்காலை முன்னால் மடக்கச் சொல்லுங்கள். குதிகால் மேலே எழும்பினால் அளவு பெரியது. ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையோடு பூட்ஸைப் பிணைக்கும் பிடி, விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். பிள்ளையின் எடையைப் பார்த்துத்தான் அதைத் திருகி வைப்பார்கள், எடையைச் சரியாகச் சொல்லுங்கள். ஹெல்மெட் இல்லாமல் சரிவில் விடவே கூடாது. உள்ளே பருத்திப் பனியனும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்போடு ஒட்டிக் குளிரும். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம்.

பரம்புப் பலகை மேல் ஏறி நின்று சேறு சமப்படுத்திய தாத்தாக்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். முழங்கால் விறைத்தால் விழ வேண்டியதுதான், மடக்கித் தளர்வாக நின்றால் பலகையோடு போகலாம். ஸ்கீயிலும் அதே நிலைதான். கிளம்புவதற்கு முன் தாத்தாவையே கூடத்தில் நின்று காட்டச் சொல்லுங்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

சொல்லிக்கொடுக்கிற வேலையைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள். அப்பாவோ அம்மாவோ சொல்லிக்கொடுத்தால் பாதி நேரம் கோபத்தில் போய்விடும். நல்ல பயிற்சியாளர் முதலில் பூட்ஸோடு நடக்கவிடுவார், அப்புறம் ஒற்றை ஸ்கீ, அப்புறம் விழவும் எழவும் பழக்குவார். எழும்போது இரண்டு ஸ்கீயும் சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும், கீழ்நோக்கி இருந்தால் எழும்போதே வழுக்கும். கைக்கோல் இப்போதைக்கு வேண்டாம். முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைக்கும் நிலையைப் ‘பீட்சா’ என்று சொல்லிக்கொடுப்பார்கள், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பயிற்சியாளர் பெரும்பாலும் இந்தியிலோ உருதுவிலோ பேசுவார். ‘ருகோ’ என்றால் நில், ‘ஆஹிஸ்தா’ என்றால் மெதுவாக. இந்த இரண்டையும் ரயிலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

காலையில் ஒன்றரை மணி நேரம் போதும். நீங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள், அங்கிருந்து குரல் கொடுத்துத் திருத்த வேண்டாம். மத்தியானம் பனி உருண்டை பிடித்து விளையாடட்டும். ராத்திரி கையுறைகளை அடுப்புக்குச் சற்றுத் தள்ளிக் காயப்போடுங்கள், மாற்றுக்கு இன்னொரு ஜோடி கட்டாயம் வேண்டும். மறுநாள் காலையில் பிள்ளை தானே பூட்ஸைத் தேடினால் சரிவுக்கு அழைத்துப் போங்கள். தேடவில்லையென்றால் அன்றைக்கு அந்தச் சறுக்குவண்டியே போதும்.

நன்றி, வணக்கம்.