மூளைக்குள்ள எந்த ஜீன் எங்க ஆன் ஆகுது?

வணக்கம் மக்களே, நேத்து நைட்டு ஒரு மணி வரைக்கும் லேப்டாப்ப மூட மனசே வரல. ஆலன் மூளை அட்லஸ்னு ஒண்ணு நெட்ல ஃப்ரீயாவே இருக்கு, யார் வேணாலும் பாக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் பால் ஆலன், அவரு 2003ல 100 மில்லியன் டாலர் போட்டு சியாட்டில்ல ஒரு இன்ஸ்டிடியூட் ஆரம்பிச்சாரு, அவங்க எலி மூளைய காகிதத்த விட மெல்லிசா சீவி சீவி, கிட்டத்தட்ட 20,000 ஜீன், எது எந்த எடத்துல வேலை செய்யுதுன்னு 2006லயே கண்டுபிடிச்சு முடிச்சு, நெட்ல போட்டுட்டாங்க.

உடம்புல அநேகமா எல்லா செல்லுலயும் அதே டிஎன்ஏ தான், ஆனா அததுக்கு வேண்டிய ஜீன் மட்டும் தான் ஆன் ஆகும். ஆன் ஆனா ஆர்என்ஏ, அதாவது அந்த ஜீனோட நகல், வரும், அதுல போய் ஒட்டிக்கிற மாதிரி ஒரு துண்டு செஞ்சு சாயம் ஏத்துனா அந்த எடம் மட்டும் ஊதாவா தெரியும்.

நான் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் ஜீன தேடுனேன், டோபமைன், அதாவது மூளை செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ற ஒரு கெமிக்கல், அது தயாராக வேண்டிய என்சைமுக்கான ஜீன் அது. ஸ்லைஸ் முக்காவாசி வெளிறிக் கெடக்கு, நடுமூளையோட அடிப்பக்கம் மட்டும் ரெண்டு சைடும் மை கொட்டுன மாதிரி ஒரு பட்டை. ஜூம் பண்ணா புள்ளி புள்ளியா செல்லுங்க. பார்க்கின்சன் நோய்ல சாகுறது இந்த எடத்து செல்லுங்க தான். எங்க பெரியப்பாவுக்கு அது இருக்கு, டம்ளர வாய்க்கு கொண்டு போறதுக்குள்ள பாதி காப்பி சட்டையில போயிரும். அவ்ளோ சின்ன எடம்ங்க.

இப்ப மருந்துக்கு வருவோம். ஒரு மாத்திரை எந்த ரிசெப்டர, அதாவது செல்லுல சேதிய வாங்கிக்கிற புரதத்த, புடிக்கணும்னு முடிவு பண்றப்பவே, அந்த ஜீன் வேற எங்கெல்லாம் ஆன் ஆகுதுன்னு தெரிஞ்சா சைடு எஃபெக்ட் எங்க வரும்னு ஓரளவு யூகிக்கலாம். ஆனா எலி மேப் மட்டும் பத்தாது. 2019ல அதே இன்ஸ்டிடியூட்காரங்க, ஆபரேஷன்ல எடுத்த மூளைத் துண்டு, தானமா குடுத்த மூளை இதையெல்லாம் செல் செல்லா படிச்சு, மனுஷ மூளைப் புறணியில, அதாவது மூளையோட வெளி அடுக்குல, ஒரே ஒரு பகுதியிலயே 75 வகை செல் பிரிச்சாங்க, பெரும்பாலானதுக்கு எலியிலயும் ஜோடி இருக்கு, ஆனா செரோடோனின்ங்கற இன்னொரு சேதி கெமிக்கலோட ரிசெப்டர் ஜீனுங்க எந்த செல்லுல ஆன் ஆகுதுங்கறது ரொம்பவே மாறிடுது. டிப்ரஷன் மாத்திரை நெறைய செரோடோனின வச்சு தான் வேலை செய்யுது, யோசிச்சு பாருங்க. எலிக்கு கேட்ட மருந்து மனுஷனுக்கு கேக்காம போறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். மனுஷனுக்கு மனுஷ மேப் வேணும்ங்க, அதுவும் மருந்த கையில எடுக்கறதுக்கு முன்னாடியே வேணும்.

இருங்க, ஸ்கிரீன காட்டறேன், அந்த ஊதா பட்டைய நீங்களே பாருங்க.