கோட்டோரம் ஓடிய பி.கே.

பாளையங்கோட்டைப் பெரியோர்களே, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மைதானத்திலிருந்து நேராக வந்து அமர்ந்திருக்கும் தம்பிமார்களே, வணக்கம்.

இன்று மாலை உங்கள் கால்பந்தாட்டத்தைப் பார்த்தேன். வலது ஓரத்தில் ஓடிய தம்பி ஒருவர், கொடிக்கம்பம் வரை பந்தைக் கொண்டுபோய், தாமே அடித்துவிடாமல், பின்னால் ஓடிவந்தவருக்குத் திருப்பிக் கொடுத்தார். அது கோலாகவில்லை. ஆயினும் எனக்குப் பி.கே. என்று நாடறிந்த கால்பந்து வீரர் பிரதீப் குமார் பானர்ஜி நினைவுக்கு வந்துவிட்டார்.

1936இல் ஜல்பைகுரியில் பிறந்த அவர், பதினைந்து வயதில் பீகாருக்காக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையில், வலது கோட்டோரம் ஓடும் விங்கராக ஆடினார். 1955 முதல் ஓய்வுபெறும்வரை, கல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்குப் போகாமல், கிழக்கு ரயில்வே அணிக்கே ஆடினார். ரயில்வே வேலையின் அருமையை ரயில் ஜங்ஷனை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு நான் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. அந்த அணி 1958இல் கல்கத்தா லீக்கையே வென்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணித்தலைவராக நின்று, பிரான்சுக்கு எதிராக அவர் கோல் அடித்தார்; ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது.

ஆனால் பின்னாளில் அவரைப் பயிற்சியாளராக்கியது 1962 ஜகார்த்தா என்பதே என் எண்ணம். ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங், தலையில் தையலோடு முன்வரிசைக்கு வந்திருந்தார். 17ஆவது நிமிடத்தில் பி.கே.யும் 20ஆவது நிமிடத்தில் ஜர்னைலும் கோல் அடிக்க, தென்கொரியாவை 2-1 என வென்றோம். காயம்பட்ட ஒருவரை நம்பி, அவருக்குப் புதிய இடம் கொடுத்து, கோலும் அடிக்கவைத்த பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீமை, பி.கே. அங்கே கூடவே இருந்து பார்த்தார்.

ஓய்வுக்குப்பின் அவர் கைக்கொண்ட கருவி பேச்சு. உடைமாற்றும் அறையில் வீரர்களின் மனத்தைத் தொட்டு அவர் பேசுவதைக் கல்கத்தாவில் ‘வோகல் டானிக்’ என்றார்கள். வெறும் வாய்ச்சாலம் என்று அதைத் தள்ளிவிட என்னால் இயலாது. 1970 பாங்காக்கில் அவர் பயிற்சியில் ஆடிய அணி வாங்கிய வெண்கலமே, ஆசிய விளையாட்டு ஆண்கள் கால்பந்தில் நமக்குக் கடைசியாகக் கிடைத்த பதக்கம். 1975இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பைப் போட்டியின் இறுதியில், அவர் பயிற்சியளித்த கல்கத்தா கிளப்பான ஈஸ்ட் பெங்கால், தன் பரம எதிரியான மோகன் பகானை 5-0 என வீழ்த்தியது. அடுத்து அதே மோகன் பகானுக்குப் பயிற்சியளித்தார்; 1977இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியை மோகன் பகான் ஈடன் கார்டன்ஸில் 2-2 எனச் சமன்செய்தது.

இருபது ஆண்டு கழித்து, 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், மீண்டும் ஈஸ்ட் பெங்காலுடன் நின்றார். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா ஈஸ்ட் பெங்கால் வீரர்களைச் செய்தியாளர்களிடம் கேலிசெய்திருந்தார். பி.கே. பதிலுக்குப் பத்திரிகையில் சண்டையிடவில்லை. அந்தச் சொற்களைத் தம் பிள்ளைகளின் நெஞ்சில் கனலாக வைத்தார். கல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் 1,31,000க்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, அவர் அணியின் பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார், ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. கோட்டுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய விங்கருக்கு அன்று வயது 61.