மிளகுக் கொடியில தெறிக்கிற வண்டு புது இனமா?

அடுத்த கேள்வி ஏற்காட்டுல இருந்து வந்திருக்குங்க. "எஸ்டேட்டுல சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மிளகுக் கொடியில சின்னச் சின்ன வண்டா இருக்கு, கை வச்சா தெறிச்சுப் போயிடுது, இலையில ஓட்டை போடுது. சிலது கருநீலம், சிலது வெளிர் பழுப்பு. இது ரெண்டு இனமா? இதுவரைக்கும் யாரும் எழுதாத புது இனமா?"ன்னு கேட்டு ஒரு போட்டோவும் அனுப்பியிருக்கீங்க.

போட்டோவ வச்சு இனம் சொல்ல முடியாதுங்க. தெறிக்குதுன்னா தெள்ளு வண்டு, இலைவண்டுக் குடும்பம், அவ்வளவுதான் சொல்லலாம். பின்னங்கால் தொடை உப்பலா இருக்கும். அதுக்குள்ள சுருண்ட ஒரு கெட்டித் துண்டு ஸ்பிரிங் மாதிரி இருக்கு, தாவுறதுக்கு உதவுறது அதுதான். பாதத்துல 4 கணு இருக்கிற மாதிரி தெரியும், நிஜத்துல 5. மூணாவது கணு ரெண்டு மடலா பிளந்திருக்கும், நாலாவது அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும்.

மிளகுல இருக்குன்னா முதல்ல பொள்ளு வண்டான்னு பாருங்க. பூச்சி இலையத் தின்னும், புழு காய்க்குள்ள போய்க் குடைஞ்சிடும், காயை நசுக்கினா பொலபொலன்னு உடையும். அது தாழ்வான பகுதியிலதான் அதிகம், மலை மேல குறைவு. இத்தனை பேருக்குத் தெரிஞ்ச இந்தப் பூச்சியே ரொம்ப காலம் லாங்கிடார்சஸ் நிக்ரிபென்னிஸ்ங்கிற தப்பான பேருல புத்தகத்துல ஓடிட்டு இருந்துச்சு, பிற்பாடுதான் லங்கா ராமகிருஷ்ணைன்னு தனி இனமா எழுதினாங்க. அதனால புது இனம் கிடைக்கக் காட்டுக்குள்ளதான் போகணும்னு இல்ல.

இப்ப நிறம். இதை நம்பாதீங்க. கூட்டுப்புழுவுல இருந்து புதுசா வெளிய வந்த வண்டு வெளிறிப் போய் மெத்துன்னு இருக்கும், நிறம் ஏற சில நாள் ஆகும். முதுகு ஓடு மேல ஊசி முனையால லேசா அழுத்திப் பாருங்க, பள்ளம் விழுந்தா அது இளசு. உங்க பழுப்பு வண்டுல பாதி அப்படி இருக்கலாம். அல்டிகாங்கிற பேரினத்துல, அதாவது நெருங்கின இனங்கள் சேர்ந்த கூட்டத்துல, இதுக்கு நேர் எதிர் சிக்கல்: எல்லாமே பளபளன்னு ஒரே நீலம், இனமோ வேற வேற.

இனத்தைப் பிரிச்சுக் காட்டுறது ஆணோட புணர்ச்சி உறுப்பு, ஈடியகஸ்னு பேரு. ஆணைக் கண்டுபிடிக்க முன்னங்கால் பாதத்தோட முதல் கணுவைப் பாருங்க, பெரும்பாலும் ஆணுக்கு அகலமா இருக்கும். காய்ஞ்ச வண்டை வெந்நீர்ல 5-10 நிமிஷம் ஊற வைங்க. வயிற்று நுனியில நுனி வளைஞ்ச மெல்லிய ஊசியை விட்டு உறுப்பை மெதுவா இழுத்து எடுங்க. ஒட்டியிருக்கிற சதை கரைய 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல போடணும், அதாவது 100 மில்லி கரைசல்ல 10 கிராம். சூடா இருந்தா சில நிமிஷம் போதும். மறந்து விட்டுட்டா உறுப்பு கண்ணாடி மாதிரி வெளுத்து, ஓரம் தெரியாம போயிடும். அப்புறம் தண்ணியில அலசி, கிளிசரின்ல வச்சு மேலிருந்தும், கீழிருந்தும், பக்கவாட்டுலயும் வரையுங்க. பக்கவாட்டு வளைவை விட்டுட்டா படம் பாதி வீண். இளசு வண்டை இதுக்கு எடுக்காதீங்க, உறுப்பு காயும்போது சுருங்கி வேற உருவமா தெரியும். பொண்ணுல விந்து சேமிக்கிற பையோட வடிவத்தைப் பார்ப்பாங்க, பேரினம் பிரிக்க அது ரொம்ப உதவும்.

உணர்கொம்புல கணு எண்ணுங்க. வழக்கமா 11, சிலியோடிஸ்ங்கிற பேரினத்துல 10. மேல்சிறகோட முன் மூலையில தோள்பட்டை மேடு இருக்கான்னும் பாருங்க. அது மழுங்கியிருந்தா உள்சிறகு குறுகியிருக்க, இல்லாமலே போயிருக்க வாய்ப்பு உண்டு. பறக்க முடியாத வண்டு சேர்வராயன் மாதிரி தனிச்சு நிக்கிற மலையிலயே அடைஞ்சு கிடக்கும். புது இனமோன்னு எனக்கு அந்த மாதிரி வண்டு மேலதான் சந்தேகம் வரும். நல்லாப் பறக்குறதுன்னா கொல்லிமலையிலயும் நீலகிரியிலயும் ஏற்கனவே பிடிச்சு எழுதியிருப்பாங்க, முதல்ல அதோட ஒப்பிடணும். இந்திய இலைவண்டுகளைப் பத்தி மாலிக் 1926-ல எழுதின தொகுதியில ஆரம்பிங்க, பழசுதான், ஆனா இன்னமும் அதைத் தாண்டிப் போக முடியாது.

ஒரே ஒரு வண்டை அனுப்பாதீங்க. ஆணும் பொண்ணுமா 10-15 வேணும். கொஞ்சத்தை 95 சதவீத ஆல்கஹால்ல டி.என்.ஏ-வுக்குப் போட்டு வைங்க. மிச்சத்தை முக்கோண அட்டை முனையில பக்கவாட்டுல ஒட்டுங்க, இத்தனூண்டு உடம்புல ஊசி குத்தினா மார்புப் பகுதி சிதறிடும். லேபிள்ல இடம், உயரம், தேதி, எந்தச் செடி, நாலும் இருக்கணும். அந்தச் செடியை வண்டு நிஜமாவே தின்னுச்சா, இல்ல சும்மா உக்காந்திருந்துச்சான்னும் எழுதுங்க. காப்புக்காட்டுல பிடிக்கணும்னா வனத்துறை அனுமதி வாங்கிட்டுத்தான் போகணும். புது இனம்னு உறுதியானா, 1999-க்கு அப்புறம் வர்ற பேர்களுக்கு மூல மாதிரி வண்டு, அதாவது அந்தப் பேருக்கு ஆதாரமா வைக்கிற வண்டு, எது, அது எந்தச் சேகரிப்புல இருக்கும்னு கட்டுரையிலயே சொல்லணும். பெங்களூர்ல இருக்கிற தேசிய வேளாண் பூச்சி வள மையம் (என்.பி.ஏ.ஐ.ஆர்.), கல்கத்தா விலங்கியல் ஆய்வு நிறுவனம், இந்த மாதிரி இடத்துலதான் வைப்பாங்க, வீட்டு அலமாரியில வச்சுக்க முடியாதுங்க.