இர்குத்ஸ்கில் இறங்கினோம்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரை ரயில் பாதையின் நீளம் 9,288 கிலோமீட்டர். 2019 பிப்ரவரியில் நானும் என் மனைவியும் அதில் போய்வந்தோம். திரும்பி வந்த நாளிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லோரும் ரயிலைப் பற்றியே கேட்கிறார்கள். முப்பத்து நான்கு வருடம் கார்டாக வேலை பார்த்தவனிடம் ரயிலைப் பற்றிக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் எனக்கு நடுவழியில் இறங்கிய ஒரு ஊரைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் ஆசை. மாஸ்கோவிலிருந்து 5,185-வது கிலோமீட்டரில், சைபீரியாவில் இருக்கிறது. இர்குத்ஸ்க்.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நம் ஸ்லீப்பர் கோச் மாதிரியே அங்கே கதவில்லாத திறந்த பெட்டி உண்டு. ‘ப்ளத்ஸ்கார்ட்’ என்பார்கள். நம் பழைய பெட்டியில் ஒன்பது தடுப்பு, தடுப்புக்கு எட்டுப் பேர், மொத்தம் 72 பெர்த். அங்கேயும் அதே ஒன்பது தடுப்புதான். ஆனால் மூன்றடுக்கு கிடையாது, இரண்டடுக்குத்தான். தடுப்புக்கு ஆறு பேர், மொத்தம் 54. சைடு பெர்த் உட்பட எல்லாம் நமக்குப் பழகியது. முதல் ராத்திரியே சொந்த வீட்டில் படுத்த மாதிரி தூங்கினேன். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், அவர்களுடையது 1,520. அதில் பெட்டி ஆடுகிற ஆட்டம் வேறு மாதிரி இருக்கும், உடம்புக்குத் தெரியும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், ப்ரவத்னீத்ஸா என்று பெயர். பெரும்பாலும் பெண்கள். எங்கள் பெட்டியில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். டிக்கெட் பார்ப்பது, படுக்கை விரிப்புத் தருவது, பெட்டியைப் பெருக்கித் துடைப்பது, கொதிநீர் சமோவாரைக் கவனிப்பது, பெட்டியைச் சூடாக வைக்கும் அடுப்புக்கு நிலக்கரி போடுவது எல்லாம் அவர் வேலை. பெரிய ஸ்டேஷன்களில் ரயில் நின்றதும் ஆட்கள் இரும்புக் கம்பியோடு வந்து, பெட்டிக்கு அடியில் உறைந்து தொங்கும் பனிக்கட்டியைத் தட்டித் தட்டி உடைப்பார்கள். டங் டங் என்று அந்தச் சத்தம். அந்தக் குளிரில் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்து நான் ஜன்னல் ஓரமாகவே நின்றுகொண்டிருந்தேன். வேலை தெரிந்தவர்களைப் பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இன்னொன்று, கடிகாரம். ரஷ்யாவில் மொத்தம் பதினொரு நேர மண்டலங்கள். ஆனால் நெடுங்காலமாக ரயில்கள் மட்டும் நாடு முழுவதும் மாஸ்கோ நேரத்தில்தான் ஓடின. இர்குத்ஸ்க் மாஸ்கோவைவிட ஐந்து மணி நேரம் முந்தியது. ஊரில் காலை பத்து மணி என்றால் ஸ்டேஷன் கடிகாரத்தில் ஐந்து மணி! நாங்கள் போவதற்கு ஆறு மாதம் முன்னால்தான், 2018 ஆகஸ்டில், டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம் போட ஆரம்பித்தார்கள். இதைக் கேட்டதும் எனக்கு நம் கதை ஞாபகம் வந்தது. 1906-ல் இந்திய நேரம் என்று ஒன்று வருவதற்கு முன்னால், இங்கே ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. பம்பாய்க்காரர் வீட்டுக் கடிகாரம் ஒன்று காட்டும், ஸ்டேஷனில் வேறொன்று காட்டும். ரயில்காரனுக்கு ஊர் நேரம் முக்கியமில்லை, லைன் நேரம்தான் முக்கியம்.

சரி, ஊருக்கு வருவோம்.

நான்கு இரவு கழித்துக் காலையில் இறங்கினோம். மைனஸ் 22 டிகிரி. மூக்கின் உள்ளே இருக்கும் ஈரம் உறைவது தெரிகிறது, முதல் மூச்சிலேயே. ஸ்டேஷன் அங்காரா ஆற்றின் ஒரு கரையில், பழைய ஊர் மறுகரையில். டிராமில் பாலத்தைக் கடந்து போனோம். அந்தக் குளிரிலும் ஆறு உறையாமல் ஓடுகிறது. அதிலிருந்து ஆவி கிளம்பி, கரையோர மரக்கிளைகளில் எல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. மார்கழி விடியலில் நம் குளத்து மேல் புகை நிற்குமே, அதைப் பத்து மடங்காக நினைத்துக்கொள்ளுங்கள்.

1661-ல் ஒரு மரக்கோட்டையாகத் தொடங்கிய ஊர். கிழக்கே போகிறவர்கள் தங்கிப் போகும் இடம். சீனாவிலிருந்து தேயிலை, எல்லை ஊரான கியாக்தா வழியாக வண்டிகளில் இங்கே வந்து, அப்புறம்தான் மேற்கே போகும். தரை வழியாகப் போன இடமெல்லாம் அது ‘சாய்’ ஆனது. ரஷ்யர்களும் ‘சாய்’ என்றே சொல்கிறார்கள். கப்பலில் போன இடத்தில் ‘டீ’ ஆனது. நமக்கு வந்தது கப்பல் பெயர்.

தேயிலை மேற்கே போன அதே பாதையில் எதிர்த்திசையில் வந்தவர்கள் கைதிகள். இந்த ஊரை நான் மறக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

1825 டிசம்பர் 14. பீட்டர்ஸ்பர்க்கில் இளம் ராணுவ அதிகாரிகள் சிலர் புது ஜார் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்துப் படையோடு சதுக்கத்தில் நின்றார்கள். அரசியல் சட்டம் வேண்டும், பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அன்று மாலையே பீரங்கியால் அடக்கிவிட்டார்கள். ஐந்து பேருக்குத் தூக்கு. நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். டிசம்பர்காரர்கள் என்றே அவர்களுக்குப் பெயர் ஆகிவிட்டது. இதில் பிரபுக்கள் உண்டு, இளவரசர்கள் உண்டு. பிறந்ததிலிருந்து தன் செருப்பைத் தானே மாட்டிக்கொள்ளாதவர்கள் காலில் விலங்கோடு சுரங்கத்தில் இறங்கினார்கள்.

அவர்களுடைய மனைவிமார்களுக்குச் சட்டம் ஒரு வழி கொடுத்தது. தண்டனை பெற்றவனை விட்டுவிடலாம், மறுமணம் செய்துகொள்ளலாம். கூடவே போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் பதினோரு பேர். முதலில் கிளம்பியவர் எகத்தெரீனா த்ருபெத்ஸ்கயா. இர்குத்ஸ்க் வரை வந்தார். மேலே விடாமல் கவர்னர் அவரை இங்கேயே மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார். திரும்பிப் போகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டினார். இனி நீ இளவரசி இல்லை, கைதியின் மனைவி. அங்கே பிறக்கும் பிள்ளைகள் அரசாங்கக் குடியானவர்களாகப் பதிவாவார்கள். பணம், நகை வைத்துக்கொள்ளக் கூடாது. எகத்தெரீனா கையெழுத்துப் போட்டார்.

அவருக்குப் பின்னால் வந்தவர் மரியா வொல்கோன்ஸ்கயா. அப்போது வயது இருபத்தொன்று. 1827 ஜனவரியில் பனிச்சறுக்கு வண்டியில் இர்குத்ஸ்க் வந்து, அதே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நெர்ச்சின்ஸ்க் சுரங்கத்துக்குப் போனார். கணவரைப் பார்த்ததும் அவர் முதலில் செய்தது, மண்டியிட்டுக் கால் விலங்கை முத்தமிட்டது. கணவரை முத்தமிட்டது அதற்கப்புறம்தான்.

வொல்கோன்ஸ்கி குடும்பம் பிற்பாடு வாழ்ந்த வீடு இர்குத்ஸ்கில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. சாம்பல் நீலத்தில் இரண்டு மாடி மரவீடு. முதலில் ஊருக்கு வெளியே ஊரிக் என்ற கிராமத்தில் கட்டினார்கள். 1840-களில் நகரத்தில் குடியேற அனுமதி கிடைத்ததும், மரத்துக்கு மரம் கழற்றி இங்கே கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். 1879-ல் இர்குத்ஸ்கில் பெரிய தீ பிடித்து ஊரில் முக்கால் பங்கு எரிந்துபோனது. இந்த வீடு தப்பியது.

மரியா வரும்போது, மாஸ்கோவில் ஓரகத்தி அவருக்கே தெரியாமல் வண்டியின் பின்னால் ஒரு சின்ன இசைப்பெட்டியைக் கட்டிவிட்டாராம். கிளாவிகார்ட் என்று பெயர், பியானோவுக்கு மூத்த வாத்தியம். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அந்தப் பனியில் அது வந்து சேர்ந்திருக்கிறது! இந்த வீட்டில் மரியா இசைக் கச்சேரிகள் நடத்தினார், நாடகம் போட்டார், ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமையப் பாடுபட்டார். கணவர் செர்கேய் அதற்கு நேர் எதிர். விவசாயத்தில் இறங்கி, சந்தையில் குடியானவர்களோடு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டு, தார் வாசனையோடு வரவேற்பறைக்குள் வருவாராம். ஒரு முன்னாள் ஜெனரல்! எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது.

இதையெல்லாம் வழிகாட்டிப் பெண்மணி சொல்லச் சொல்ல, கைப்பேசி மொழிபெயர்ப்பில் நான் பிடித்துக்கொண்டு வந்தேன். மேல்மாடியில் ஒரு ஓவியம். மரியா ஒரு கைக்குழந்தையை மடியில் வைத்திருக்கிறார். சைபீரியாவுக்குக் கிளம்பும் முன், 1826-ல் வரைந்த ஓவியத்தின் படி அது. நான் அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டேன். என் மனைவி நகரவில்லை.

“ஏங்க, இந்தப் பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வந்தா?”

நான் வழிகாட்டியிடம் கேட்டுச் சொன்னேன். பையன் பெயர் நிக்கோலாய். ஒரு வயதுகூட நிரம்பவில்லை. குழந்தையைக் கூட்டிப்போக அனுமதி இல்லை. மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தார். இரண்டு வயதில், 1828-ல், பீட்டர்ஸ்பர்க்கில் இறந்துவிட்டான். தாய் அவனை மறுபடி பார்க்கவே இல்லை.

என் மனைவி வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம், “எல்லாரும் விலங்க முத்தம் குடுத்ததையே சொல்றாங்க” என்றாள்.

நண்பர்களே, நானும் அதைத்தானே உங்களிடம் முதலில் சொன்னேன்? தியாகம் என்றதும் நமக்குக் கண்ணகி, நளாயினி என்று வரிசையாக ஞாபகம் வருகிறது, கை தட்டிவிடுகிறோம். அந்தப் பெண் எதைக் கீழே வைத்துவிட்டு வந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மரியா செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் அந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மறுநாள் பைக்கால் ஏரி. லிஸ்த்வியான்கா என்ற ஊர், எழுபது கிலோமீட்டருக்குள்தான், வேனில் போனோம். ஏரியின் ஆழம் 1,642 மீட்டர், உலகத்திலேயே ஆழமானது. எத்தனையோ ஆறுகள் உள்ளே வருகின்றன. வெளியே போவது அங்காரா ஒன்றுதான். அது புறப்படும் வாயில் மட்டும் உறையாமல் கிடக்க, வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டியவரை பனிக்கட்டி. அதன் மேல் நடந்தோம். காலுக்கடியில் எங்கேயோ ஆழத்தில் ‘டும்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பனி விரிசல் விடும் சத்தம். என் மனைவி என் கையை விடவே இல்லை.

ஒரு ரயில்காரனாக எனக்கு அங்கே பார்க்க வேண்டிய இடம் வேறு இருந்தது. ஏரியைச் சுற்றிப் பாதை போடுவதற்கு முன்னால் ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றித்தான் அக்கரை சேர்ப்பார்கள். 1904-ல் ஜப்பானோடு போர் வந்தது. நடுக்குளிர், கப்பல் போக முடியவில்லை. பனிக்கட்டி மேலேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள்! நாற்பது கிலோமீட்டருக்கு மேல். எஞ்சினை விட்டுப் பார்த்தபோது பனி உடைந்து உள்ளே போய்விட்டது. அப்புறம் எஞ்சின்களைப் பாகம் பாகமாகக் கழற்றி, பெட்டிகளையும் குதிரை கட்டி இழுத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் அப்படிப் போயிருக்கின்றன. அந்த லைனில் யார் யாருக்குக் கொடி காட்டியிருப்பார்கள், ராத்திரியில் எப்படி நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தபடியே நின்றேன்.

கிளம்பும் நாள் காலையில் ஸ்னாமென்ஸ்கி மடத்துக்குப் போனோம். எகத்தெரீனா த்ருபெத்ஸ்கயாவின் கல்லறை அங்கேதான். 1854-ல் இறந்தார். டிசம்பர்காரர்களுக்கு மன்னிப்பு வந்தது 1856-ல். இரண்டே வருடம் தாமதம். வொல்கோன்ஸ்கிகள் ஊர் திரும்பினார்கள், இவர் இங்கேயே இருந்துவிட்டார்.

போகும் வழியில் பூக்கடையில் என் மனைவி விரலைக் காட்டி ஐந்து கார்னேஷன் வாங்கினாள். கடைக்காரப் பெண் கட்டிக்கொண்டே எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். மடத்தின் பெயரைச் சொன்னோம். அவள் கட்டை அவிழ்த்து, ஒரு பூவைத் தனியே எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, நான்கை மட்டும் மறுபடி கட்டினாள். இறந்தவர்களுக்கு அங்கே இரட்டைப்படையில்தான் பூ வைப்பார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை. காசு திருப்பித் தர வந்தவளிடம் என் மனைவி வேண்டாம் என்று சொல்லி, அந்த ஐந்தாவது பூவையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

கல்லறை இரும்பு வேலிக்குள் இருக்கிறது. கூடவே அவருடைய மூன்று பிள்ளைகளும். நான்கு பூவையும் பனியின் மேல் வைத்தோம். “இவளோட பிள்ளைங்க பக்கத்துலயே இருக்குதுங்க” என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலையே அடுத்த ரயில். இர்குத்ஸ்கிலிருந்து பாதை மலை ஏறி வளைந்து வளைந்து இறங்கி ஏரிக்கரைக்கு வரும். அப்புறம் இருநூறு கிலோமீட்டர் தூரத்துக்கு ஏரி கூடவே வரும். இருட்டும் முன் கொஞ்ச தூரம்தான் பார்க்கக் கிடைத்தது, வெள்ளையாக, ஓரமே இல்லாமல். ரஷ்ய ரயிலில் தேநீரை உலோகக் கைப்பிடி போட்ட கண்ணாடித் தம்ளரில் தருவார்கள். என் மனைவி குடித்து முடித்த தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அந்த ஒற்றைப் பூவை ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தாள். புது ப்ரவத்னீத்ஸா காலித் தம்ளர்களை எடுத்துப்போக வந்தார். பூவைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், அந்தத் தம்ளரைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வேறொரு தம்ளரில் சுடச்சுடத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.