பேச்சு வார்த்தை இல்லாத பெட்டிகள்

நேயர்களுக்கு வணக்கம். நான் மயக்க மருத்துவர். ஆபரேஷன் என்றதும் கத்தி பிடிப்பவர்தான் உங்கள் நினைவுக்கு வருவார். நோயாளியின் தலைமாட்டில், திரைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே, அது நான்.

என்னைச் சுற்றிப் பத்துப் பெட்டிகளாவது இருக்கும். மூச்சுக்கு ஒன்று, இதயத்துடிப்புக்கு ஒன்று, மருந்தைத் துளித்துளியாகத் தள்ளும் பம்புகள் மூன்று நாலு. எல்லாம் ஒரே உடம்போடு இணைந்தவை. ஆனால் பல அரங்குகளில் இன்றைக்கும் அவற்றுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது, சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி. உங்கள் செல்போனில் அழைப்பு வந்தால் ஓடுகிற பாட்டு தானே அடங்குகிறது. அந்த மரியாதைகூட இங்கே இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெரிய அறுவைகளில் மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாய் செருகி ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி பார்ப்போம். குழாயின் மறுமுனையில் விரல் அளவுக்கு ஓர் உணரி. அது நோயாளியின் இதய மட்டத்திலேயே இருக்க வேண்டும். அன்றைக்கு அதைப் பக்கத்துக் கம்பத்தில் மாட்டியிருந்தேன். அறுவை மருத்துவர், "டேபிளைக் கொஞ்சம் இறக்குங்க" என்றார். இறக்கினார்கள். நான் வேறு பக்கம் மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் 110 இருந்த அழுத்தம் 95! ரத்தக் கசிவோ என்று மனசு பதறுகிறது. அழுத்தத்தை ஏற்றும் மருந்தை ஊசியில் எடுத்தே விட்டேன். நர்ஸம்மா மெதுவாகச் சொன்னார்: "சார், டேபிள் இறங்கியிருக்கு."

அவ்வளவுதான். நோயாளி இறங்கிவிட்டார், உணரி கம்பத்திலேயே நிற்கிறது. 10 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்துக்கு அளவு சுமார் 7.5 புள்ளி பிசகும். டேபிள் இறங்கியது 20 சென்டிமீட்டர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். நோயாளிக்கு ஒன்றுமே ஆகவில்லை. நான்தான் ஏதாவது ஆக்கியிருப்பேன்.

நன்றாகக் கவனியுங்கள். தான் இறங்கியது டேபிளின் மோட்டாருக்குத் தெரியும். அளவு குறைந்தது மானிட்டருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நர்ஸம்மா தேவைப்பட்டார். அவர் அன்றைக்கு லீவு என்றால்?

எங்கள் துறையில் அடிக்கடி பேசப்படும் துயரச் சம்பவம் ஒன்று உண்டு. பித்தப்பை அறுவை. நடுவில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், நெஞ்சு அசையக் கூடாது என்று மூச்சுக் கருவியை நிறுத்தினார்கள். பிலிம் தட்டு சிக்கிக்கொண்டது. மயக்க மருத்துவர் இழுத்து எடுக்க உதவப் போனார். கருவியைத் திரும்பப் போட மறந்துவிட்டது. அந்தப் பெண் பிழைக்கவில்லை. கேமராவைச் சொடுக்கும் அதே நொடியில் ப்ளாஷ் மின்னுகிறதல்லவா? அதுபோல எக்ஸ்ரேயும் மூச்சுக் கருவியும் பேசிக்கொண்டால், மூச்சு வெளியேறி அடுத்தது தொடங்குமுன் வரும் சின்ன இடைவெளியில் படம் எடுத்துவிடலாம். நிறுத்தவே வேண்டாம். நிறுத்தாததை யார் மறக்க முடியும்?

என் துறைக்காரரான ஜூலியன் கோல்ட்மன் 2004-இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார். ஜெர்மனியில் 2012-இல் கிளம்பிய முயற்சியிலிருந்து, எந்தக் கம்பெனிக் கருவியும் பேசக்கூடிய பொதுமொழி பிறந்து உலகத் தரமாகவும் ஆகிவிட்டது. ஜப்பானியர்கள் தொழிற்சாலை ரோபோக்களை இணைக்கும் மென்பொருளையே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, வழி இருக்கிறது. வாங்கும்போது "இது மற்றதோடு பேசுமா?" என்று ஆஸ்பத்திரிகள் கேட்பதுதான் குறைவு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். பேசுகிற பெட்டிக்குள் திருடனும் பேச வருவான் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். 2017-இல் ஒரு கணினிப் புழு பிரிட்டன் ஆஸ்பத்திரிகளுக்குள் புகுந்து எத்தனையோ ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. அதனால் இணைப்பு அறுந்தாலும் ஒவ்வொரு கருவியும் தன் வேலையைத் தனியே பார்க்க வேண்டும். மூச்சுக் கருவி முதலில். வணக்கம்.