காட்டை வித்த ஆயா

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, அக்காமாரே, இந்தப் பனியிலும் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தருமபுரி மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"வேரைத் தேடிப் போகிறவருக்குப் பெரும்பேறு எது? புகழ்பெற்ற முன்னோரா, பேர் தெரியாத முன்னோரா?" இதுதான் இன்றைக்குத் தலைப்பு. நான் பேர் தெரியாதவர்களின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா அதியமானைச் சொன்னார். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் ஆண்ட தகடூர் இது, அவன் நம் வம்சம் என்று தெரிந்தால் பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்கள் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஜம்பைக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சி என்று அந்தப் பெயரைப் பார்க்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் அக்கா, அவனிடமிருந்து நம் வீட்டுத் திண்ணை வரைக்கும் 2000 ஆண்டு. தலைமுறைக்கு 25 என்று போட்டால் 80 படி. அதில் நமக்குத் தெரிந்தது எத்தனை படி? அப்பா, தாத்தா. அதற்கு மேலே பூட்டன், ஓட்டன் என்று தமிழ் சொல் வைத்திருக்கிறது. அந்தப் பூட்டனுடைய பேர் என்ன? இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்தில் இருக்கிற படியெல்லாம் இருட்டாக இருக்கும்போது எண்பதாவது படியில் விளக்கேற்றி என்ன செய்வது?

வேர் தேடிய அதியமான் ஒருவர் உண்டு, அவரை நீங்கள் சொல்லாமல் விட்டதால் நான் சொல்கிறேன். விடுகாதழகிய பெருமாள். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் தகடூரை ஆண்டவர். போளூர்ப் பக்கம் திருமலையில், தன் முன்னோன் எழினி செய்துவைத்த யட்சன், யட்சி என்ற சமணக் காவல் தெய்வங்களின் திருமேனிகளை மீண்டும் எழுந்தருளச் செய்தார். அடித்து ஒலிக்கும் எறிமணி கொடுத்தார். கடப்பேரிக்கு ஒரு கால்வாயும் வெட்டிக்கொடுத்தார். கல்வெட்டு இதைச் சொல்கிறது. முன்னோரைத் தேடுவதென்றால் இப்படித் தேட வேண்டும், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கால்வாய்க்கு மண்வெட்டி பிடித்தது யார்? கூடையில் மண் சுமந்தது யார்? எழினிக்கு ஒரு பெருமாள் வந்தார். அவர்களுக்கு யார் வருவார்?

இதுதான் ஐயா என் கட்சி. புகழ்பெற்றவரைத் தேட ஊரே இருக்கிறது. ராஜாஜி 1878-இல் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தார் என்பதை நானோ நீங்களோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பேர் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளையை விட்டால் வேறு நாதி கிடையாது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தன் பெயரைத் தாங்குகிறவன்.

ஒரு சின்னக் கணக்கு. பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4, அப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் பத்தாவது தலைமுறையில் 1024 இடம். (நாம் அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டுகிறவர்கள், அதனால் ஒரே ஆள் இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருப்பார். அது இருக்கட்டும்.) அதில் ஒருவர் பாளையக்காரராகவே இருந்தாலும், அவரை மட்டும் மாலை போட்டு அழைத்துவந்தால் மீதி 1023 இடம் வாசலில் நிற்கிறது.

சரி, தேடினால் கிடைப்பார்களா என்று அந்த அண்ணன் கேட்டார். கிடைப்பார்கள் அண்ணா. அதுவும் நம் மண்ணில் கிடைப்பார்கள். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால், அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி ரீடும் அவருக்குக் கீழே மன்றோவும் வயல் வயலாக அளந்தார்கள். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல், உழுகிறவர் பேரிலேயே தீர்வை எழுதும் ரயத்துவாரி முறை இந்தப் பாரமகாலில்தான் வேர்விட்டது. வரி வாங்கத்தான் எழுதினார்கள், நமக்குப் பரிவு காட்டி அல்ல. ஆனாலும் சாதாரணக் குடியானவர் பேர் கணக்கில் ஏறிவிட்டது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. 1965-க்கு முந்தைய காகிதத்தில் நம் ஊர்களை 'சேலம் ஜில்லா' என்றுதான் தேட வேண்டும். அது தெரியாமல் எத்தனையோ பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

நிலமே இல்லாதவர்? நியாயமான கேள்வி, அதைக் கேட்கும்போது நெஞ்சு வலிக்கிறது. கூலி வேலை செய்தவரின் பேர் பட்டாவில் வராது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களைப் பாருங்கள். 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் போனது. 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து அங்கே போனார்கள். ஆளுக்கு ஒரு நம்பர் போட்டு, பேர், தகப்பன் பேர், வயது, ஊர், தாலுகா, ஜில்லா, உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரைக்கும் பதிவேட்டில் எழுதினார்கள். மனிதரைச் சரக்குப்போல எண்ணிய ஏடு அது. அதே ஏட்டைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்குக் கொள்ளுப் பேத்திகள் ஊர் தேடி வருகிறார்கள்.

நம் நடுகற்களைச் சொல்லாமல் விட முடியுமா? இங்கே தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கின்றன. தொறு மீட்டுப் பட்டவர்கள், அதாவது ஊர் மாட்டைத் திருப்பிக் கொண்டுவரப் போய் உயிர்விட்டவர்கள். செங்கத்துக்குப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று, வீரனோடு நின்று கள்வரைக் கடித்த நாயின் பேரையும் சொல்கிறது. கோவிவன் அந்த நாயின் பேர். நாயின் பேரைக்கூட மறக்காத மண் ஐயா இது!

மணி அடித்துவிட்டீர்கள். என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன்.

எங்கள் அப்பாவின் பாட்டிக்கு வீட்டில் ஒரே ஒரு பேர்தான், 'காட்டை வித்த ஆயா'. அவள் மட்டும் வித்திருக்காவிட்டால் நாம் இப்படியா இருப்போம் என்று கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்லுவார்கள். அவள் முகத்தை அப்பா பார்த்ததில்லை. போன வருடம் பட்டாவில் ஒரு சிக்கல், வில்லங்கம் போட்டுப் பார்க்கப் போய், 1938-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரத்தின் நகல் கையில் கிடைத்தது.

புஞ்செய் 62 சென்ட். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, இரண்டு நாள் ஆனது படிக்க. 'காலஞ்சென்ற' என்று தொடங்கிப் புருஷன் பேர், அப்புறம் 'பெண்சாதியும், மைனர் குமாரனுக்குத் தாயும் கார்டியனுமான' என்று போட்டு, அதற்குப் பிறகு அவள் பேர். விற்ற காரணமும் இருந்தது. புருஷன் வாங்கிவைத்த கடனுக்காகவும், மைனர் குமாரனுடைய போஷணைக்காகவும். கடைசியில் கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை. மை கூடிப்போய் ஒரு பக்கம் அப்பியிருந்தது. அழுத்தி வைத்திருக்கிறாள்.

அந்த மைனர் குமாரன்தான் என் தாத்தா. அப்போது அவருக்கு எட்டு வயது.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடன் என்ற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். போஷணை என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பேரை மறுபடி படிப்பா" என்றார்.