முகம் காட்டாததே பலம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

1978-ல் வந்த 'ஐ வான்னா ஹோல்ட் யுவர் ஹேண்ட்' படத்தில், பீட்டில்ஸ் என்ற நால்வர் பிரிட்டிஷ் இசைக்குழுவாக வரும் பாத்திரங்களின் முகத்தைக் காட்டாதது பலமா, பலவீனமா என்பது தலைப்பு. "பீட்டில்ஸைப் பார்க்க டிக்கெட் எடுத்தவனுக்கு பூட்ஸைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்" என்றார் எதிரணித் தலைவர். கைதட்டலும் வாங்கினார். ஆனால் ஐயா, இது ரசிகைகளின் படம்.

1964 பிப்ரவரி 9, ஞாயிறு இரவு, நியூயார்க்கில் பீட்டில்ஸ் பாடிய எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சி. கதை நடப்பது அதைச் சுற்றித்தான். அரங்கில் இருக்கை 728. டிக்கெட் கேட்டவர்கள் சுமார் 50,000. நியூஜெர்சியிலிருந்து வரும் பிள்ளைகளை இந்தக் கணக்குதான் பாடாய்ப் படுத்துகிறது. ரோஸி ரேடியோ போட்டியில் டிக்கெட் ஜெயிக்க போன் மேல் போன் போடுகிறாள். கிரேஸுக்கு ஒரு புகைப்படம் வேண்டும். ஜானிஸுக்கோ இந்தக் கூச்சலே பிடிக்காது. கல்யாணத்துக்குத் தயாராக இருக்கும் பாம் என்பவள்தான் பீட்டில்ஸின் ஓட்டல் அறைக்குள்ளேயே போய்விடுகிறாள்.

அந்த அறைக் காட்சியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஆளில்லாத அறையில் பேஸ் கிட்டாரின் கழுத்தைத் தடவுகிறாள். அவர்கள் திரும்பி வருகிறார்கள். கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறாள். கேமராவும் அவளோடு தரைமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. நடமாடும் கால்கள், பேச்சுக்குரல், அவ்வளவுதான். தலையை நீட்டினால் மாட்டிக்கொள்வாள். அவள் பார்க்க முடியாததை நமக்குக் காட்டியிருந்தால் அந்தப் படபடப்பு அந்த நொடியே செத்திருக்கும். குரல்கள் அசல் ஆட்களுடையவை அல்ல, அது காதில் கொஞ்சம் உறுத்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். குரலே உறுத்துகிறதென்றால், உலகத்துக்கே தெரிந்த நான்கு முகங்களுக்கு வேறு நடிகர்களை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அடுத்து, எதிரணி தொடாமலே விட்ட அரங்கக் காட்சி. மேடையில் அதே மாதிரி உடையில் நான்கு மாற்று ஆட்கள், முகம் பிடிபடாத கோணத்தில். அரங்கத்தின் டிவி கேமராக்களிலும் மானிட்டர்களிலும் ஓடுவது 1964-ல் ஒளிபரப்பான அசல் காட்சி. இதில் சறுக்க இரண்டு இடம் உண்டு. மாற்று ஆளின் தலையாட்டலும் கிட்டார் பிடிக்கும் கையும் திரையில் ஓடும் அசலோடு ஒத்துப்போக வேண்டும்; தாளம் ஒரு நொடி தப்பினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். மேடை பளிச்சென்று தெரிந்தாலோ, கண் தானாக முகத்தைத் தேடும். அதனால் நம் பார்வையைச் சின்னத் திரைக்கும், அலறி அழுகிற பெண்பிள்ளைகளுக்கும் மாற்றி மாற்றித் திருப்புகிறார் இயக்குநர். அன்றிரவு வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்த சுமார் 7.3 கோடிப் பேர் பார்த்த அதே பீட்டில்ஸைத்தான் நாமும் பார்க்கிறோம். இதைவிட அசல் எது?

"படம் ஓடவில்லையே" என்றார்கள். உண்மை, ஓடவில்லை. ஆனால் இதுதான் ராபர்ட் செமெக்கிஸ் இயக்கிய முதல் படம். பழைய காட்சிச்சுருளையும் புதிய படப்பிடிப்பையும் தையல் தெரியாமல் சேர்க்கும் வேலையில் இங்கேதான் அவர் இறங்கினார். 1994-ல் 'ஃபாரஸ்ட் கம்ப்' படத்தில் டாம் ஹாங்க்ஸை ஜனாதிபதி கென்னடியோடு கைகுலுக்க வைத்தவரும் அவரேதான்.

நடுவர் அவர்களே, பீட்டில்ஸின் முகம் இல்லாததால் கெட்டுப்போன ஒரே ஒரு ஷாட்டை எதிரணி எடுத்துச் சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு வழங்குங்கள். நன்றி.